குழாயடி முறையும் எங்கள் வீட்டு இணையமும்

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து தங்கை போன் செய்தாள். "வீட்ல நாலு பேரும் ஒரே நேரத்துல உக்காந்தா நெட்டு திணறுதுக்கா. 40 எம்பிபிஎஸ் பத்தலை போல. 100க்கு மாத்திடவா?" என்று கேட்டாள். மாற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். கணினியில் இணைப்பின் தாமதத்தைக் காட்டும் பிங் என்ற சோதனையை ஓடவிட்டுக்கொண்டு, வீட்டில் இருக்கிற போன்களில் எல்லாம் புகைப்படம் தானாக மேலேறும் வசதியை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார் என்றேன். அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்தாள். மாப்பிள்ளையின் போன்தான். கொடைக்கானல் போய் வந்தபோது எடுத்த வீடியோக்கள் இரண்டு நாளாக ஏறிக்கொண்டே இருந்திருக்கின்றன. அதை நிறுத்தியதும் எல்லாருக்கும் சரியாகிவிட்டது.

"மேல ஏறுறதுக்கும் நாங்க படம் பாக்குறதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று கேட்டாள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஒரே இணைப்பைப் பல கணினிகளுக்குப் பிரிப்பது பற்றி நான் கற்றுக்கொண்டது எல்லாம் எங்கள் வீட்டிலேயே, வேலை நின்றுபோன நாட்களில் கற்றுக்கொண்டதுதான்.

நான் சிவகாசியில் வீட்டிலிருந்தே டிடிபி, அதாவது அச்சுக்கான பக்கங்களைக் கணினியில் வடிவமைக்கும் வேலை செய்கிறேன். காலண்டர், டைரி அட்டை, லேபிள், கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் செய்வேன். வீட்டுக்காரர் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஆபரேட்டர். மாடியில் கொழுந்தன் குடும்பம். கீழே நாங்களும் அத்தையும் பிள்ளைகள் இருவரும். இணைய இணைப்பு மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை வீட்டுக்கு ஒன்றுதான்.

முதல் இணைப்பு 2005 கடைசியில் வந்தது. தொலைபேசிக் கம்பியிலேயே வரும் ஏடிஎஸ்எல். வேகம் 256 கேபிபிஎஸ். அப்போது நாட்டில் பிராட்பேண்ட் என்று சொல்வதற்கே அதுதான் குறைந்தபட்ச அளவு, 2004ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கையில் அப்படித்தான் வகுத்திருந்தார்கள். எங்களுக்கு அது பெரிய விஷயம். அதற்கு முன்னால் ஒரு டிசைனைக் கோயம்புத்தூர் பார்ட்டிக்குக் காட்ட வேண்டும் என்றால் சிடியில் எழுதி, இரவு பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டும்.

வீட்டில் கணினி இரண்டு. ஒன்றில் நான் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் வேலை பார்ப்பேன். மற்றதில் கொழுந்தன் கல்லூரிப் படிப்புக்கு ஏதாவது தேடுவார். மோடத்தில் நெட்வொர்க் துளை ஒன்றே ஒன்று. அந்தக் காலத்து மோடம் சும்மா சிக்னலைக் கடத்தும் பெட்டி மாதிரி. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு இணைப்பை எழுப்புவது கணினியின் வேலை. அதனால் யார் வேலை பார்க்கிறோமோ அவர் கணினிக்கு ஒயரை மாற்றிச் சொருகிக்கொள்வோம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. கடைசியில் சொருகும் இடத்தில் இருக்கிற பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்துபோனது.

அப்போதுதான் கொழுந்தன் விண்டோஸிலேயே இணைப்பைப் பகிரும் வசதி இருக்கிறது என்று கண்டுபிடித்து வந்தார். விண்டோஸ் 98இன் இரண்டாம் பதிப்பிலிருந்தே, அதாவது 1999இலிருந்தே அது இருந்திருக்கிறது. என் கணினியில் இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் கார்டு போட்டோம். ஒரு கார்டு மோடத்துக்கு, இன்னொரு கார்டு அவருடைய கணினிக்கு. பகிர்வு என்ற கட்டத்தில் டிக் போட்டதும் என் கணினி தனக்கு 192.168.0.1 என்ற எண்ணை வைத்துக்கொண்டது. மற்ற கணினிக்கு அதுவே எண் கொடுக்க வேண்டும். ஆனால் நெட்வொர்க் கார்டில் விளக்கே எரியவில்லை.

இரண்டு நாள் அதோடு போராடினோம். கடையில் வாங்கிய ஒயர் நேர் ஒயர். கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே போட அது சரி. கணினிக்கும் கணினிக்கும் நடுவே போட்டால் இரண்டும் ஒரே கம்பியில் பேசும், ஒரே கம்பியில் கேட்கும். பேசுகிற கம்பி எதிர்ப்பக்கம் கேட்கிற கம்பியாக மாற வேண்டும். அதற்குக் கிராஸ் ஒயர் என்று தனியாக உண்டு. ஒரு முனையில் 1, 2 என்ற இடத்தில் இருக்கிற கம்பிகள் மறுமுனையில் 3, 6 என்ற இடத்துக்குப் போகும்.

கடைக்காரர் கிரிம்பிங் கட்டிங்பிளேயரோடு உட்கார்ந்து வண்ணம் பிரித்து அடித்துக் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. மறுமுனையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறும். நாள் முழுக்க சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணுக்கு வண்ண வரிசை எளிதில் படிந்துவிடும். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஒயர்களுக்கு நான்தான் முனை அடிக்கிறேன். இப்போது வருகிற கணினிகளும், இணைப்பைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற ரவுட்டர்களும் எந்த ஒயர் போட்டாலும் தாங்களே மாற்றிப் புரிந்துகொள்கின்றன, அதனால் கிராஸ் ஒயர் தேவைப்படுவதில்லை.

அந்த ஏற்பாட்டில் ஒரு குறை. என் கணினி ஓடினால்தான் கொழுந்தனுக்கு நெட் வரும். எங்கள் பிளானில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. அவர் அந்த நேரத்துக்காகக் காத்திருந்து இறக்குவார். அதற்காக என் கணினியும் கூடவே விழித்திருக்கும். மின்கட்டணம் கூடியது. 2008இல் நாலு துளையும் வைஃபையும் உள்ள, ரவுட்டரும் உள்ளேயே இருக்கிற மோடம் வாங்கியதும் அந்தக் காலம் முடிந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் நம் வீட்டுக்கு ஒரே ஒரு முகவரிதான். உள்ளே எத்தனை கணினி இருந்தாலும் வெளியுலகத்துக்குத் தெரியாது. அப்படியிருக்க, நான் கேட்ட பக்கம் எனக்கும், மகன் கேட்ட பாடம் மகனுக்கும் மாறாமல் எப்படி வந்து சேர்கிறது? என் மனதுக்கு இது அச்சக உதாரணத்தில்தான் பிடிபட்டது.

அச்சகத்தில் அச்சடிக்கத் தேவையான பிளேட்டை வெளியே போட்டுவரக் கொடுப்பார்கள். பத்துப் பார்ட்டியின் வேலையும் ஒரே அச்சகத்தின் பெயரில்தான் போகும். ஆனால் மேனேஜர் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜாப் நம்பர் போட்டு, எந்த நம்பர் எந்தப் பார்ட்டி என்று தன் நோட்டில் எழுதிக்கொள்வார். பிளேட் திரும்பி வந்ததும் நம்பரைப் பார்த்து நோட்டைப் புரட்டினால் போதும். ரவுட்டரும் அதையேதான் செய்கிறது. உள்ளே இருக்கிற கணினிகளுக்கு 192.168 என்று தொடங்கும் எண்கள். அவை வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். 1990களிலேயே இப்படி உள்வீட்டுக்கென்றே சில எண் வரிசைகளை ஒதுக்கிவிட்டார்கள். அதனால்தான் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் அதே எண் இருந்தாலும் தகராறு வருவதில்லை. வெளியே போகிற ஒவ்வொரு கோரிக்கையிலும் ரவுட்டர் உள்எண்ணை எடுத்துவிட்டு வீட்டின் எண்ணைப் போட்டு, கூடவே போர்ட் என்ற ஜாப் நம்பரையும் போட்டு அனுப்புகிறது. பதில் வந்ததும் நோட்டைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. நாட் (NAT) என்று சொல்வது இதைத்தான். உலகத்துக்கே இருந்த பழைய முகவரிகள் 429 கோடிதான். இந்த நோட்டு இல்லாவிட்டால் அவை இன்னும் முன்பே தீர்ந்திருக்கும்.

இந்த நோட்டு ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இது தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டையும் சொல்கிறேன். கொழுந்தனுக்குக் கல்யாணமாகி மாடி கட்டிக் குடிபோனபோது, வைஃபை கான்கிரீட் தளத்தைத் தாண்டி மேலே ஏறவில்லை. படிக்கட்டு வழியாக ஒயர் இழுத்து மாடியில் இன்னொரு ரவுட்டர் வைத்தோம். ஒயரை அதன் நீலத் துளையில், வெளி இணைப்புக்கான துளையில் கொழுந்தன் சொருகினார். நெட் வந்தது. ஆனால் கீழே என் மேசையில் இருக்கிற லேசர் பிரிண்டர் மாடிக் கணினிக்குத் தெரியவே இல்லை. மாடி ரவுட்டர் தனியாக ஒரு நோட்டைப் போட்டுக்கொண்டு, மாடியைத் தனி வீடாக்கிவிட்டது. மாடியில் அச்சடிக்க வேண்டுமென்றால் பென்டிரைவில் கொண்டுவந்து தருவார்கள், நான் எடுத்துக் கொடுப்பேன். ஒரு வருஷம் இப்படியே ஓட்டினோம்.

சரிசெய்வது பத்து நிமிஷ வேலைதான். இரண்டாவது ரவுட்டரில் முதலில் டிஹெச்சிபியை, அதாவது எண் கொடுக்கும் வேலையை, அணைக்க வேண்டும். கீழே இருப்பதும் மேலே இருப்பதும் இரண்டுமே 192.168.1.1 என்று இருந்தால் மேலே இருப்பதை 192.168.1.2 ஆக்க வேண்டும். பிறகு கீழிருந்து வரும் ஒயரை நீலத் துளையிலிருந்து பிடுங்கி மற்ற நாலு துளைகளில் ஒன்றில் சொருக வேண்டும். இந்த வரிசையிலேயே செய்யுங்கள். முதலில் ஒயரை மாற்றிவிட்டால் இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு எண் கொடுப்பார்கள், வீடே குழம்பிவிடும். இப்படிச் செய்த அன்று மாடியிலிருந்து கொழுந்தன் மனைவி அனுப்பிய ஒரு பக்கம் என் பிரிண்டரில் தானாக வந்து விழுந்தது. அவள் தன் பிள்ளைக்காகப் போட்ட கோலத்தின் மாதிரிப்படம் அது.

இனி 2020க்கு வருகிறேன். தங்கை கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. மெஷின் சத்தம் இல்லாத சிவகாசியை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது வழக்கம். அதற்கு முன்னால் டிசைன் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஜூன், ஜூலையில்தான் எனக்கு வேலை உச்சத்தில் இருக்கும். ஆர்டர் குறைந்திருந்தாலும் வேலை வந்தது, யாரும் நேரில் வர முடியாததால் எல்லாமே நெட்டில்தான் போயாக வேண்டும். அதே ஜூனில் பள்ளிக்கூடமும் நெட்டுக்கு வந்துவிட்டது. கீழே இரண்டு பிள்ளைகள், மாடியில் ஒருவன். காலை 9 மணிக்கு மூன்று வகுப்பும் தொடங்கும். அப்போதும் ஏடிஎஸ்எல்தான். இறங்கும் வேகம் 8 எம்பிபிஎஸ், ஏறும் வேகம் 800 கேபிபிஎஸ். பத்தில் ஒரு பங்கு.

அச்சுக்குத் தயாரான காலண்டர் ஃபைல் ஒன்று 300 எம்பி வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், அதனால் 300 எம்பி என்றால் 2400 மெகாபிட். 800 கேபிபிஎஸ்ஸில் அனுப்ப 3000 வினாடி, அதாவது 50 நிமிஷம். அந்த 50 நிமிஷமும் வீட்டில் யாருக்கும் எதுவும் ஓடாது. மகள் "யெஸ் மிஸ்" என்று சொல்வது மூன்று வினாடி கழித்துத்தான் அந்தப் பக்கம் கேட்கும். அதற்குள் மிஸ் அடுத்த பெயருக்குப் போயிருப்பார். ஒரு நாள் அவள் கணக்கை உடனே போட்டு முடித்துவிட்டுப் பதில் சொன்னாள். அவளுக்கு முன்பே இன்னொருத்தி சொன்னதாக ஆகிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் ஃபைலை நிறுத்தினேன். 70 சதவீதம் போயிருந்தது, மறுபடி முதலிலிருந்துதான் அனுப்ப வேண்டும்.

அதன் பிறகு ராத்திரி 11 மணிக்கு மேல் அனுப்பத் தொடங்கினேன். கரெக்‌ஷன் பகலில் வரும், நான் ராத்திரி அனுப்புவேன், அவர்கள் காலையில் பார்ப்பார்கள். ஒரு வேலைக்கு மூன்று நாள் கூடிப்போனது. இரண்டு பார்ட்டி வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்.

ஒரு நாள் கணினியில் பிங் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு சிறு துண்டு வெளியே போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டுவது பிங். சும்மா இருக்கும்போது 30 மில்லிசெகண்ட். ஃபைல் அனுப்பத் தொடங்கியதும் 400, 900, 1700, 2500. அந்த எண்ணைப் பார்த்ததும்தான் வேகம் வேறு, காத்திருப்பு வேறு என்று எனக்கு உறைத்தது. வேகம் அதே 800 கேபிபிஎஸ்தான். ஆனால் மகளின் குரல் வாசலுக்குப் போவதற்குள் என் ஃபைலின் துண்டுகள் நூற்றுக்கும் மேல் அவளுக்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன.

அந்த வரிசை நிற்கிற இடம் மோடத்தின் உள்ளே. வந்ததையெல்லாம் தூக்கியெறியாமல் வாங்கி வைத்துக்கொள்ள அதில் ஒரு சேமிப்பிடம் இருக்கும். 256 கேபி இடம் என்று வைத்துக்கொள்வோம். 800 கேபிபிஎஸ்ஸில் அது காலியாக இரண்டரை வினாடிக்கு மேல் ஆகும். என் பிங் காட்டியதும் ஏறக்குறைய அதுதான். இறக்குவதும் இதனால்தான் தடுமாறும். ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும் என்றால் முதலில் "இதைக் கொடு" என்று ஒரு கோரிக்கை மேலே போயாக வேண்டும். வந்த ஒவ்வொரு துண்டுக்கும் "கிடைத்தது" என்று பதில் போக வேண்டும். அந்தப் பதில் வரிசையில் மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் அடுத்ததை அனுப்பத் தயங்கும். மாப்பிள்ளையின் கொடைக்கானல் வீடியோ மேலே ஏறியதால் தங்கைக்குப் படம் நின்றது இப்படித்தான்.

ராத்திரி சாப்பிடும்போது இதை வீட்டுக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அத்தை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "குழாயடியில ஒருத்தி நாப்பது கொடத்தை வரிசையா வச்சுட்டுப் போனா விடுவோமா? வீட்டுக்கு ரெண்டு கொடம், அப்புறம் அடுத்த வீடு. மறுபடி சுத்தி வரட்டும். குடிக்க ஒரு செம்பு கேட்டு வர்றவளை நிக்க வைக்கவே கூடாது."

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் வரும். வருகிற ஒன்றரை மணி நேரத்தில் எல்லா வீடும் பிடித்தாக வேண்டும். அந்த முறையைப் பல வருஷமாக நடத்தியவர் அத்தை. அவர் சொன்னதை அப்படியே செய்கிற ஒரு நிரல் இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டது அதற்கு ஒரு வாரம் கழித்து.

ஜிம் கெட்டிஸ் என்று ஓர் அமெரிக்கர். யூனிக்ஸ் கணினிகளில் திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கிய இருவரில் ஒருவர். 2010இல் தன் வீட்டிலிருந்து பெரிய ஃபைல்களை அனுப்பும்போது அவருக்கும் இதேதான் நடந்திருக்கிறது. அவர் அதைத் தோண்டிப் பார்த்து, உலகம் முழுக்க இருக்கிற மோடங்களிலும் ரவுட்டர்களிலும் சேமிப்பிடம் அளவுக்கு மீறி ஊதிப்போயிருக்கிறது என்று எழுதினார். பஃபர்புளோட் என்ற பெயர் அப்படித்தான் பரவியது. 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்ஸனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். ஒரு துண்டு வரிசையில் அளவுக்கு மேல் நேரம் நின்றால் ஒன்றிரண்டைக் கழித்துவிட்டு, அனுப்புகிறவரை மெதுவாக்குவது அதன் வேலை. எரிக் டுமாசே அதோடு வீட்டுக்கு இரண்டு குடம் முறையைச் சேர்த்தார். அது எஃப்க்யூ கோடெல். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை, முறை வைத்துச் சுற்றி வருவது, கொஞ்சமாகக் கேட்கிறவருக்கு உடனே வழிவிடுவது. குடிக்க ஒரு செம்பு கேட்டு வருகிறவளை நிற்க வைக்காத முறை. அதே ஆண்டிலேயே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் சேர்ந்துவிட்டது. இதை வீட்டு ரவுட்டர்களுக்குக் கொண்டுவரப் பல வருஷம் உழைத்தவர் டேவ் டாட். 2025 ஏப்ரலில் அவர் இறந்துபோன செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. முகம் பார்த்தறியாத ஒருவர் என் மகளின் வகுப்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கொழுந்தன் தன் நண்பர் கடையிலிருந்து பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்றினோம். அது லினக்ஸ்தான், ரவுட்டருக்கென்று செய்தது. மோடத்தை மறுபடி சும்மா கடத்துகிற பெட்டியாக மாற்றினோம். பிரிட்ஜ் மோட் என்பார்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அந்த ரவுட்டருக்குப் போனது. வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் என்ற பக்கத்தில் எஃப்க்யூ கோடெலைத் தேர்ந்தெடுத்தோம்.

முக்கியமான சூட்சுமம் ஒன்று. ஏறும் வேகம் 800 என்றால் 700 என்றுதான் அங்கே கொடுக்க வேண்டும். ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கொழுந்தன் கேட்டார். வரிசை மோடத்தில் சேர்ந்தால் அது முட்டாள்தனமான வரிசை, முறை தெரியாது. நம் ரவுட்டரே கொஞ்சம் மெதுவாக அனுப்பினால் மோடத்தில் வரிசையே சேராது, வரிசை நம் ரவுட்டரிலேயே நிற்கும், அங்கே முறை நடக்கும். ஏடிஎஸ்எல்லில் இன்னொரு கணக்கும் உண்டு. அதில் எல்லாம் 53 பைட் துண்டுகளாகத்தான் போகும், அதில் 5 பைட் தலைப்பு. கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். அதையும் அந்தப் பக்கத்தில் சொல்லிவைக்க ஓர் இடம் இருக்கிறது. இறங்கும் வேகத்துக்கு 8000க்குப் பதில் 7000 கொடுத்தோம்.

மறுநாள் காலை 10 மணி. மூன்று வகுப்பும் ஓடிக்கொண்டிருந்தது. பிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு 300 எம்பி ஃபைலை அனுப்பத் தொடங்கினேன். 30. 38. 45. 41. அதற்கு மேல் போகவில்லை. உள் அறையில் மகள் ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தாமல். ஃபைல் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முன்பைவிடப் பத்து நிமிஷத்துக்கு மேல் கூட. அந்தக் கூடுதல் நேரத்துக்கு வீடே ஓடியது. நான் பகலில் மறுபடி வேலை பார்க்கத் தொடங்கினேன்.

அந்த வாரமே இன்னொன்றும் செய்தேன். எதிர்வீட்டு அக்காவின் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. அவள் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர், மூன்று மாதமாகச் சரியான வேலை இல்லை. போனில் ஒரு நாளைக்கு வருகிற டேட்டா முதல் இரண்டு வகுப்பிலேயே தீர்ந்துவிடும். மீதி நேரம் அவள் வாசலில் உட்கார்ந்து நோட்டு எழுதிக்கொண்டிருப்பாள். ரவுட்டரில் விருந்தினருக்கென்று தனி வைஃபை பெயர் ஒன்றை உண்டாக்கி, அது நெட்டுக்கு மட்டும் போகும், எங்கள் கணினிக்கோ பிரிண்டருக்கோ வராது என்று பிரித்துவைத்தேன். அவள் எங்கள் மாடிப்படியில் மூன்றாவது படியில் உட்கார்ந்து படித்தாள். அங்கேதான் சிக்னல் நன்றாக வரும். முன்பிருந்த நிலையில் இன்னொருத்தியைச் சேர்க்க எனக்குத் துணிவு வந்திருக்காது. முறை வந்த பிறகு நாலாவது வகுப்பும் அதே கம்பியில் ஓடியது. யாருக்கும் தெரியக்கூட இல்லை. இப்போது அவள் விருதுநகரில் பி.காம் முடிக்கப்போகிறாள்.

2022இல் ஃபைபர் வந்தது. ஏறுவதும் 100 எம்பிபிஎஸ், இறங்குவதும் 100. அதே 300 எம்பி அரை நிமிஷத்துக்குள் போய்விடுகிறது. முறை வைக்கிற ரவுட்டரை இன்னும் வைத்திருக்கிறேன், 100க்குப் பதில் 90 கொடுத்து. பழைய ரவுட்டருக்கு அந்த வேகத்தில் மூச்சு வாங்கியதால் கொஞ்சம் வலுவான ஒன்று வாங்க வேண்டியிருந்தது. மின்வெட்டுக்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று. ஃபைபர் பெட்டி, ரவுட்டர் இரண்டையும் அதில் போட வேண்டும், ஒன்றை மட்டும் போட்டால் பயனில்லை. கொழுந்தன் கடையில் கேமரா வைத்து வீட்டிலிருந்து பார்க்க முயன்றபோது நேராக எட்ட முடியவில்லை. கடை இணைப்பின் ரவுட்டருக்கு வந்திருந்த எண் 100.64 என்று தொடங்கியது. அப்படி இருந்தால் இணைப்பு கொடுப்பவரும் தன் பங்குக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார் என்று பொருள், வெளியிலிருந்து உள்ளே வர வழி இல்லை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

தங்கைக்குச் சொன்னது இவ்வளவுதான். இப்போதைக்கு பிளானை மாற்றாதே. மாப்பிள்ளை போனில் புகைப்படம் ஏறுவதை ராத்திரிக்கு வைக்கச் சொல். மேசையில் நகராமல் இருக்கிற கணினிக்கு வைஃபை வேண்டாம், ஒயர் போடு. வைஃபையில் காற்றுவெளியையும் எல்லாரும் பகிர வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்த்து. ஒயர் போட்டால் அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு ஆள் குறைகிறார். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்தான் ஒன்றோடு ஒன்று மோதாமல் இருப்பவை, அக்கம்பக்கத்தில் எது குறைவாக இருக்கிறதோ அதை வை. ரவுட்டர் அமைப்பில் எஸ்க்யூஎம் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் நான் தீபாவளிக்கு வரும்போது ஒன்று கொண்டுவருகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. அத்தை அறையில் புதிதாக வைத்த டிவியில் சீரியல் நின்று நின்று ஓடுகிறது. டிவி இருப்பது சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம், நடுவில் பீரோ வேறு. 15 மீட்டர் கேட்6 ஒயர் வாங்கி வைத்துவிட்டேன், முனை இரண்டும் அடித்தாகிவிட்டது. கதவு நிலைக்கு மேலே ஆணி அடிக்க வீட்டுக்காரர் வர வேண்டும். அத்தை நேற்றே கேட்டார்: "எல்லாருக்கும் முறை வச்சியே, எனக்கு எப்பம்மா ரெண்டு கொடம்?"